சாட்டிலைட் படத்தில் வயல் வாடியதா? முதலில் தராசைச் சரி பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்யும் முதல் வேலை, கூகுள் எர்த்தில் சொந்த வீட்டுக் கூரையைத் தேடிப் பார்ப்பது. கம்பைநல்லூரில் நானும் அதைத்தான் செய்தேன். வீட்டைப் பார்த்தேன், தேசிநாதர் கோயிலைப் பார்த்தேன், தென்பெண்ணை ஆற்றைப் பிடித்துக்கொண்டு சாத்தனூர் அணை வரை மவுசாலேயே போய் வந்தேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. கூகுள் எர்த் காட்டுவது வெறும் போட்டோ. அதற்குப் பின்னால் இருக்கும் டேட்டா, அதாவது சாட்டிலைட் அளந்து அனுப்பிய எண்கள், இலவசமாகவே கிடைக்கின்றன என்று தெரிந்ததும் அதிலும் கை வைத்தேன். அந்த எண்களை நம்பி ஒரு மனிதர் மேல் பழி போடவிருந்த கதைதான் இது.

2022 மார்ச் மாதம். பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு நாள் காலையில் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். "ஏப்பா, நீதான் கம்ப்யூட்டர்ல வானத்துல இருந்து எடுத்த படமெல்லாம் பாக்கறியே. மேல் தோட்டத்துக்காரன் தை மாசம் வரத்துக்கால்வாயில மண்ணைக் கொட்டி மறிச்சிட்டான். அதனால எங்க ஆயக்கட்டே வாடிப்போச்சு. இதைப் படம் போட்டுக் காட்ட முடியுமா? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும்" என்றார்.

"அதுக்கென்ன மாமா, ஒரு ராத்திரி வேலை" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 சாட்டிலைட்டுகளின் படங்களை எடுத்தேன். 2015 ஜூனில் ஒன்றும் 2017 மார்ச்சில் இன்னொன்றும் ஏவப்பட்டவை இவை. அப்போது நம் ஊர் மேல் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரண்டில் ஒன்று வந்துகொண்டிருந்தது. இதன் முக்கிய பேண்டுகளில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு 40 புள்ளிகள் கிடைக்கும். மாமாவின் நிலத்துக்கு இது தாராளம்.

2021 பிப்ரவரி படம் ஒன்று, 2022 பிப்ரவரி படம் ஒன்று. இரண்டுக்கும் பசுமைக் குறியீடு போட்டேன். என்டிவிஐ என்று சொல்லப்படுவது இதுதான். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆகவே அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், செழிப்பான பயிருக்குப் பெரிய எண் வரும், காய்ந்த தரைக்குச் சிறிய எண் வரும்.

வந்த விடையைப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 2021-ல் அடர்பச்சையாக இருந்த ஆயக்கட்டு 2022-ல் மஞ்சளாகக் கிடந்தது. மாமா சொன்ன அதே சமயம், அதே இடம். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மாமா அதை மடிக்காமல் நியூஸ் பேப்பருக்குள் வைத்து எடுத்துப் போனார்.

மலையில் யார் வாய்க்காலை மறித்தார்?

அன்று இரவு, படத்தைக் கொஞ்சம் அழகாக்கலாம் என்று திரும்பத் திறந்தேன். தற்செயலாக ஜூம் அவுட் ஆகிவிட்டது. ஆயக்கட்டு மட்டுமல்ல, மொரப்பூர் பக்கமும் மஞ்சள். தீர்த்தமலைக் காடும் மஞ்சள். படம் முழுவதுமே வாடியிருந்தது.

காட்டுக்கு எந்த வரத்துக்கால்வாய்? அதுவும் 2021 நவம்பரில் தமிழகம் முழுக்க வெள்ளக்காடாகி, தென்பெண்ணையே இரு கரையும் தொட்டு ஓடிய பருவமழைக்குப் பிறகு? அந்த மழையைப் பார்த்த யாரும் மறுபிப்ரவரியில் காடு காய்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். தவறு நிலத்தில் இல்லை, என் கணக்கில் இருக்கிறது என்று புரிந்தது. ஆனால் எங்கே?

முதலில் நான் சந்தேகப்பட்டது காற்று மண்டலத்தை. சாட்டிலைட் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கிறது. நடுவே தூசி, ஈரப்பதம், புகை எல்லாம் இருக்கின்றன. தரையிலிருந்து வரும் ஒளியோடு காற்று சிதறடித்த ஒளியும் சேர்ந்துதான் கேமராவுக்குப் போகும். இதைக் கழிப்பதற்குப் பெயர் அட்மாஸ்பெரிக் கரெக்ஷன், காற்று மண்டலத் திருத்தம். அதைச் செய்யாததுதான் குற்றம் என்று நினைத்து, அதற்கான சாப்ட்வேர்களை நோண்டிக்கொண்டு இரண்டு நாள் வீணாக்கினேன். உண்மையான தவறு அதற்கு ஒரு படி முன்னால் இருந்தது.

புளி மண்டியில் மூட்டை எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மொத்த எடையில் சாக்கு எடையைக் கழித்தால் புளியின் எடை. இந்தச் சாக்குக் கழிவுதான் காற்று மண்டலத் திருத்தம். ஆனால் தட்டில் ஒன்றும் வைக்காதபோதே தராசு ஒரு கிலோ காட்டினால்? சாக்கை எவ்வளவு கவனமாகக் கழித்தாலும் கணக்கு தப்புத்தான். முதலில் தராசைச் சரி செய்யவேண்டும். சாட்டிலைட் படத்தில் தராசைச் சரி செய்வதற்குப் பெயர் கேலிப்ரேஷன். பைலில் இருக்கும் வெறும் எண்ணை "விழுந்த ஒளியில் இத்தனை பங்கு திரும்பி வந்தது" என்ற உண்மையான அளவாக மாற்றுவது அது. இந்த அளவுக்கு ரிஃப்ளெக்டன்ஸ் என்று பெயர். சாதாரணமாக 0-க்கும் 1-க்கும் நடுவே இருக்கும்.

2022 ஜனவரி 25-ல் நடந்தது

சென்டினல்-2 படத்தில் ரிஃப்ளெக்டன்ஸை 10,000-ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்திருப்பார்கள். பைலில் 3000 என்று இருந்தால் 0.30 என்று பொருள். பல ஆண்டுகளாக எல்லோரும் 10,000-ஆல் வகுத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். 2022 ஜனவரி 25 முதல் இந்த முறையில் ஒரு மாற்றம் செய்தார்கள். எல்லா எண்களோடும் 1000-ஐக் கூட்டி அனுப்பத் தொடங்கினார்கள். நிழல், ஆழமான தண்ணீர் போன்ற மிக இருட்டான இடங்களில் அளவு சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். பைலில் மைனஸ் எண்ணுக்கு இடமில்லை என்பதால் அது வெட்டுப்பட்டுப் போகும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெரியாதவனுக்குக் கண்ணி.

கணக்கைப் பாருங்கள். ஒரு நல்ல பயிருக்கு அகச்சிவப்பு 3000, சிவப்பு 600 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 2400, கூட்டினால் 3600. வகுத்தால் 0.67. அதே பயிர், அதே பசுமை, ஆனால் புதிய முறைப் பைலில் அகச்சிவப்பு 4000, சிவப்பு 1600 என்று இருக்கும். கழித்தால் அதே 2400, கூட்டினால் 5600. வகுத்தால் 0.43. ஓர் இலைகூட வாடவில்லை, ஆனால் குறியீடு பாதாளத்துக்குப் போய்விட்டது!

மேல் தோட்டத்துக்காரர் மண் கொட்டியதாகச் சொல்லப்பட்டது தை மாதம். 1000 கூட்ட ஆரம்பித்ததும் தை மாதம். என் படம் மாமாவின் சந்தேகத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தியது இப்படித்தான். பொருந்தியதாலேயே நானும் சந்தேகப்படவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் சரி செய்வது எப்படி?

இதற்கு விலை கொடுத்து வாங்கும் சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. க்யூஜிஐஎஸ் என்ற இலவச ப்ரோகிராமை இன்ஸ்டால் செய்திடுங்கள். 8 ஜிபி ராம் இருந்தால் நன்றாக ஓடும். படத்தை காப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு டவுன்லோட் செய்யலாம். ஒரு படம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சதுரம். பல நூறு எம்பி வரும். மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் உஷார்.

நம் பகுதிப் படத்தின் பெயரில் டி44பி என்று ஒரு பகுதி இருக்கும். (78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே 44-வது மண்டலம், மேற்கே 43. ஓசூர்க்காரர்களின் படத்தில் 43 என்று வந்தால் பயப்படவேண்டாம்.) அதே பெயரில் என் என்ற எழுத்துக்குப் பின் நான்கு எண்கள் இருக்கும். இதுதான் முக்கியம். என்னுடைய 2021 படத்தில் என்0209 என்றும் 2022 படத்தில் என்0400 என்றும் இருந்தது. எந்தப் பதிப்பு முறையில் படம் தயாரானது என்பதைச் சொல்லும் எண் இது. 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே என்றால் இல்லை.

படம் எடுத்த தேதியை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். பழைய படங்களையும் பிற்பாடு புதிய முறையில் திரும்பத் தயாரித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே இன்று நீங்கள் இறக்கும் 2021 படத்தில் என்0500 என்று இருக்கலாம். அதிலும் 1000 உண்டு. நண்பரின் பென் டிரைவில் இருக்கும் அதே தேதிப் படத்தில் இல்லாமலும் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் போல்டருக்குள் எம்டிடி என்று தொடங்கும் எக்ஸ்எம்எல் பைலை நோட்பேடில் திறந்து, ஆட் ஆஃப்செட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுத் தேடவேண்டும். மைனஸ் 1000 என்று இருக்கும். அந்த வரியே இல்லை என்றால் அது பழைய முறைப் படம்.

இனி க்யூஜிஐஎஸ்-ல் ராஸ்டர் மெனுவில் ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்திடுங்கள். சிவப்புக்கு பி04, அகச்சிவப்புக்கு பி08. புதிய முறைப் படம் என்றால் (பி04 - 1000) / 10000 என்று கொடுங்கள். பழையது என்றால் வெறுமனே பி04 / 10000. பி08-க்கும் இதே மாதிரி. ஒரு எச்சரிக்கை: படத்தின் ஓரத்தில் டேட்டா இல்லாத இடங்களில் எண் 0 என்று இருக்கும். அதிலும் 1000-ஐக் கழித்தால் மைனஸ் 0.1 என்று அர்த்தமில்லாத விடை வரும். அந்த ஓரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செய்து முடித்ததும் ஒரு சோதனை. சாத்தனூர் அணையின் ஆழமான நீரில் ஒரு புள்ளியைக் கிளிக் செய்து பி08-ன் விடையைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் 0-க்கு மிக அருகில் இருக்கவேண்டும். 0.1-க்கு மேல் இருந்தால் 1000-ஐக் கழிக்க மறந்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படலாம். (பாசி படர்ந்த இடத்தில் கிளிக் செய்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். பாசியும் பச்சைதான்!)

கூகுள் எர்த் என்ஜின் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே சென்டினல்-2 தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரின் கடைசியில் ஹார்மனைஸ்டு என்று இருப்பதை எடுத்தால் அவர்களே 1000-ஐக் கழித்துத் தருகிறார்கள்.

லேண்ட்சாட்டில் வேறு மாதிரி தொல்லை

அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். 1972-லிருந்து படங்கள் இருப்பதால் பழைய கதை பார்க்க இதை விட்டால் வழியில்லை. 2013-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8-க்கு, பைல் எண்ணை 0.00002-ஆல் பெருக்கி 0.1-ஐக் கழிக்கவேண்டும். பிறகு சூரியன் இருந்த உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்கவேண்டும். மூன்று எண்களும் படத்தோடு வரும் எம்டிஎல் என்ற டெக்ஸ்ட் பைலில் இருக்கும்.

இங்கேயும் அந்த 0.1-ஐக் கழிக்காமல் வெறும் எண்ணை வைத்தே பசுமைக் குறியீடு போடுபவர்கள் உண்டு. விளைவு நான் மேலே காட்டிய அதே கணக்குத்தான்; 0.67 வரவேண்டிய இடத்தில் 0.43 வரும்.

இன்னொரு கண்ணி சைன். சூரியக் கோணம் 60 டிகிரி என்றால் சைன் மதிப்பு 0.866. ஆனால் க்யூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டருக்கு டிகிரி தெரியாது, ரேடியன்தான் தெரியும். அப்படியே 60 என்று கொடுத்தால் மைனஸ் 0.305 என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதையும் மைனஸாக்கிவிடும். 60-ஐ 3.14159-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்துக் கொடுத்திடுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தவறு செய்தாலும் பசுமைக் குறியீடு சரியாகவே வரும்! இரண்டு பேண்டும் ஒரே எண்ணால் வகுபடுவதால் விகிதத்தில் அது அடிபட்டுப் போகிறது. பெருக்கல், வகுத்தல் தவறு விகிதத்தில் ஒளிந்துகொள்ளும். கூட்டல், கழித்தல் தவறு ஒளியாது. குறியீடு சரியாக இருக்கிறதே என்று நம்பி அந்தப் படத்தைக் காற்று மண்டலத் திருத்தத்துக்குக் கொடுத்தால் அங்கே போய் மாட்டிக்கொள்வீர்கள்.

லெவல்-2 என்று போட்ட படம் ஏற்கெனவே திருத்தப்பட்டது. அதைத் திரும்பத் திருத்தாதீர்கள். அதற்குப் பெருக்கும் எண்ணும் வேறு. இப்போதுள்ள கலெக்ஷன் 2-ல் 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழிக்கவேண்டும்.

நம் இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் சாட்டிலைட்டில் உள்ள லிஸ்-3 கேமராப் படங்களும் நல்ல தரம். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 24 மீட்டர். இதில் கண்ணி அளவு அலகில். ஒளியின் அளவை மில்லிவாட், சதுர சென்டிமீட்டர் கணக்கில் தருகிறார்கள். பாடப்புத்தகச் சூத்திரங்கள் பெரும்பாலும் வாட், சதுர மீட்டர் கணக்கில் இருக்கும். 10-ஆல் பெருக்க மறந்தால் செழித்த வயலும் பத்தில் ஒரு பங்கு ஒளியோடு கரிக்கட்டை மாதிரி தெரியும். படம் 8 பிட்டா 10 பிட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னதில் உச்ச எண் 255, பின்னதில் 1023.

தராசு சரியான பிறகு சாக்கைக் கழிக்கலாம். சென்டினலுக்கு சென்2கோர் என்ற இலவச ப்ரோகிராம் இருக்கிறது. எளிய முறை வேண்டுமென்றால், படத்திலேயே மிக இருட்டான புள்ளியின் அளவை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழிப்பது. கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் தெரியும் வெளிச்சம் காற்றினுடையது என்ற யுக்தி. இதைச் செய்தால் அந்த 1000-மும் சேர்ந்தே பெரும்பாலும் கழிந்துவிடும்! நான் முதலிலேயே இதைச் செய்திருந்தால் தவறு தெரியாமலே தப்பித்திருப்பேன். ஏன் சரியாக வந்தது என்பதும் தெரிந்திருக்காது.

மனு என்ன ஆனது?

சரி செய்து போட்ட புதிய படத்தில் காடு பச்சைக்குத் திரும்பியது. ஆயக்கட்டும்தான். கடைமடைப் பக்கம் சில ஏக்கர் மட்டும் முந்தைய ஆண்டைவிட வெளிறி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த பிரிண்டைத் திருப்பிக் கேட்பதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப அவன் மறிக்கலைன்னு சொல்றியா?" என்றார்.

"மறிச்சாரா இல்லையான்னு இந்தப் படம் சொல்லாது மாமா. வாடலைன்னு மட்டும்தான் சொல்லுது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கடைமடையைக் காட்டி, "இது நம்ம பங்காளி நிலம். போன வருஷம் நெல்லு, இந்த வருஷம் மரவள்ளி லேட்டா நட்டான்" என்றார் அவரே.

மனுவில் மேல் தோட்டத்துக்காரர் பெயரை எடுத்துவிட்டு, வரத்துக்கால்வாயை அளந்து தூர்வார வேண்டும் என்று மட்டும் எழுதினோம். படம் எதையும் இணைக்கவில்லை. சர்வேயர் வந்து அளந்தபோது நானும் கூடவே நடந்தேன். நவம்பர் மழையில் கரை சரிந்து இரண்டு இடத்தில் கால்வாய் மூடிக் கிடந்தது. அதில் ஒன்று மேல் தோட்டத்துக்காரர் நிலத்தை ஒட்டி. மண்ணை வெட்டி எடுக்க அவரும் மண்வெட்டியோடு வந்தார். மாமா அவரிடம் முதலில் பேசவில்லை. டீ வந்த பிறகு பேசினார்.